இழப்பைச் சுமப்பவர் யார்? வங்கி மோசடித் தகராறுகளும் இணையக் குற்ற ஆய்வில் நேர்ந்த சமூக அறிவியல் திருப்பமும்

ஆய்வுச் சுருக்கம்

இணையக் குற்றம் தொடக்கத்தில் கணினிப் பொறியியலின் சிக்கலாக மட்டுமே ஆராயப்பட்டது. 1990களில் பிரிட்டனில் ஏடிஎம் பணமெடுப்புத் தொடர்பாக எழுந்த தகராறுகள், பாதுகாப்பு முறைமைகள் தோற்பதற்கான காரணங்களை நிறுவன நடைமுறையிலும் சட்டப் பொறுப்பிலும் பொருளாதார ஊக்கத்திலும் தேடவேண்டும் என்பதை உணர்த்தின. அத்திருப்பத்தின் வரலாற்றை 1967 முதல் 2024 வரையிலான நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ‘பயனாளரின் கவனக்குறைவு’ என்னும் விளக்கம் பல நேரங்களில் இழப்பை வலுக்குறைந்த தரப்பின்மேல் ஏற்றும் சமூக ஏற்பாடாகச் செயற்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிகளை அந்த வரலாற்றின் ஒளியில் வாசிக்கிறது.

திறவுச்சொற்கள்: இணையக் குற்றம், ஏடிஎம் மோசடி, மெய்ப்பிக்கும் பொறுப்பு, பாதுகாப்புப் பொருளியல், மின்னணுச் சான்று, ஓடிபி.

முன்னுரை

வங்கிக் கணக்கிலிருந்து பணம் களவுபோன செய்திகளைத் தமிழ் நாளிதழ்கள் அன்றாடம் வெளியிடுகின்றன. அச்செய்திகளின் வினைமுற்றுகள் கவனிக்கத்தக்கவை. ‘பணத்தை இழந்தார்’, ‘பறிகொடுத்தார்’, ‘ஏமாந்தார்’ என எழுதப்படும்போது தொடரின் எழுவாயாக நிற்பவர் பாதிக்கப்பட்டவரே. ஏமாற்றியவரும், பணம் சென்ற வழியில் இருந்த நிறுவனங்களும் தொடருக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். இது மொழிநடை பற்றிய செய்தி மட்டுமன்று. பணம் தொலைந்தால் அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்விக்கு ஒரு விடை அவ்வினைமுற்றுகளில் முன்கூட்டியே அடங்கியுள்ளது.

அவ்விடை எவ்வாறு உருவானது, அதை எந்தச் சான்றுகள் கேள்விக்கு உட்படுத்தின என்பது ஆராயத்தக்கது. கணினியியலாரும் சட்டவியலாரும் பொருளியலாரும் குற்றவியலாரும் ஒரே சிக்கலை நோக்கி வந்துசேர்ந்த வரலாறு இதனுள் அடங்கியுள்ளது. அவர்களை ஒன்றுசேர்த்த வினா ஒன்றே: ஒரு பாதுகாப்பு முறைமை தோற்கும்போது இழப்பை யார் சுமக்கிறார்?

1. கணினி குற்றக்களமாக மாறுதல்

1988 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ‘மாரிஸ் புழு’ என்னும் நிரல், தொடக்ககால இணையத்தின் பெரும்பகுதியை முடக்கியது. அன்று இணைப்பில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடாகும். மின்னஞ்சல் மென்பொருளில் இருந்த ஒரு வழு, பயனாளர் விவரம் தரும் சேவையொன்றில் இருந்த நினைவகக் குறைபாடு, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தி அந்நிரல் பரவியது. அதே மாதத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரகால எதிர்வினைக் குழு அமைக்கப்பட்டது. இந்தியாவில் 2004இல் தொடங்கப்பட்ட ‘செர்ட்-இன்’ உள்ளிட்ட பல நாடுகளின் அமைப்புகளுக்கு அதுவே முன்மாதிரி.

சட்டமும் இக்காலத்தில்தான் கணினியைத் தனிக் குற்றக்களமாக ஏற்றது. அமெரிக்கா 1986இல் கணினி மோசடிச் சட்டத்தை இயற்றியது. பிரிட்டனில், பிரெஸ்டெல் தகவல் சேவையினுள் அனுமதியின்றி நுழைந்த இருவரைக் கள்ள ஆவணச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்க இயலாது எனப் பிரபுக்கள் அவை 1988இல் தீர்ப்பளித்தது. அவ்வெற்றிடத்தை நிரப்ப 1990இல் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் வந்தது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது.

இம்முதற்கட்டத்தில் குற்றம் என்பது ‘அத்துமீறி நுழைதல்’ என்றும், பாதுகாப்பு என்பது ‘நுழையவிடாது தடுத்தல்’ என்றும் வகுக்கப்பட்டன. வலுவான பூட்டு அமைந்தால் களவு குறையும் என்பது இவ்வணுகுமுறையின் அடிப்படை எண்ணம். இவ்வெண்ணத்திற்கு முதல் பெரும் சோதனை வங்கித் துறையிலிருந்து வந்தது.

2. ஏடிஎம் தகராறுகள்

1967 ஜூன் 27இல் வடக்கு லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி பணம் வழங்கும் இயந்திரத்தை நிறுவியது. நான்கு இலக்க இரகசிய எண் அதன் பாதுகாப்பின் மையமாக அமைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏடிஎம் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1987இல் மும்பையில் அறிமுகமானது. இராணுவத்திற்கும் தூதரகங்களுக்கும் உரியதாக இருந்த மறைகுறியீட்டியல், பொதுமக்களின் அன்றாட வாழ்வினுள் நுழைந்தது இவ்வியந்திரங்களின் வழியாகத்தான்.

இயந்திரங்கள் பெருகியபோது, தாம் எடுக்காத பணம் எடுக்கப்பட்டதாகக் கணக்கில் பதிவாகியுள்ளது என்னும் முறையீடுகளும் பெருகின. இவற்றை அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்கொண்ட விதம் வேறுபட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டம் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு விதித்தது. அட்டை தொலைந்ததை விரைந்து தெரிவித்தவருக்கு அவ்வரம்பு 50 டாலர். 1980இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, வங்கிக் கணினியின் பதிவும் வாடிக்கையாளரின் சொல்லும் முரண்பட்ட வழக்கில் வாடிக்கையாளரின் சொல்லையே ஏற்றது. மோசடி நிகழவில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு இவ்வாறு வங்கியைச் சார்ந்தது. பிரிட்டனிலோ, தம் முறைமைகள் பிழைபட வாய்ப்பில்லை என வங்கிகள் வாதிட்டன. பணம் எடுக்கப்பட்டிருந்தால் வாடிக்கையாளரே எடுத்திருக்க வேண்டும், அல்லது அட்டையையும் எண்ணையும் பிறர் கைக்குப் போகவிட்டிருக்க வேண்டும் என்பது அவற்றின் நிலைப்பாடு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் ஆண்டர்சன், ‘மறைகுறியீட்டு முறைமைகள் ஏன் தோற்கின்றன’ என்னும் பொருளில் 1993இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்நிலைப்பாட்டைச் சான்றுகளுடன் மறுத்தது. வங்கி மோசடிகளை ஒவ்வொன்றாகத் தொகுத்து ஆராய்ந்த அவர், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் மறைகுறியீட்டை உடைக்கும் கணிதத் திறனுக்கும் தொடர்பில்லை எனக் கண்டார். வங்கி ஊழியரே கூடுதல் அட்டை தயாரித்தல், அஞ்சலில் வரும் அட்டையைக் களவாடல், வரிசையில் நின்று எண்ணை எட்டிப்பார்த்துவிட்டுக் கீழே வீசப்பட்ட ரசீதிலிருந்து முழுக் கணக்கு எண்ணை எடுத்தல் ஆகியவையே உண்மையான வழிகளாக இருந்தன. ஒரு வகை இயந்திரத்தில் 14 இலக்கச் சோதனை எண்ணை அழுத்தினால் பத்து நோட்டுகள் வெளிவரும். அச்சோதனை எண்ணை ஒரு வங்கி தன் கிளைகளுக்கான கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. பூட்டு வலுவாகவே இருந்தது. பூட்டைச் சுற்றியிருந்த நிருவாகம் தளர்ந்திருந்தது.

இக்கட்டுரை முன்வைத்த மற்றோர் ஒப்பீடும் முதன்மையானது. வானூர்தி விபத்துக்குள்ளானால் வெளிப்படையான விசாரணை நடைபெறுகிறது. அதன் முடிவுகளை விமானத் துறை முழுவதும் கற்றுக்கொள்கிறது. வங்கிப் பாதுகாப்பு தோற்றாலோ அத்தோல்வி மறைக்கப்படுகிறது. ஆதலால் முறைமையை வடிவமைப்போர் நிகழாத தாக்குதல்களுக்கு அரண் கட்டிக்கொண்டிருந்தனர். நிகழும் மோசடிகளை அவர்கள் அறியவே இல்லை.

3. இயந்திரத்தின் சாட்சியம்

இக்கருத்து வேறுபாடு நீதிமன்றத்தை எட்டியபோது தனிமனிதரின் நற்பெயரும் வாழ்வும் பணயமாயின. 1992இல் விடுமுறையிலிருந்து திரும்பிய இங்கிலாந்துக் காவலர் ஒருவர், தம் கணக்கிலிருந்து 460 பவுண்டு ஆறு தடவைகளில் எடுக்கப்பட்டிருப்பதாக முறையிட்டார். பணத்தைத் தாமே எடுத்துவிட்டுப் பொய்யாக முறையிட்டார் என்று அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. 1994இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், கணினியின் பதிவைச் சான்றாகக் கொள்ள வேண்டுமாயின் அம்முறைமையை எதிர்த்தரப்பு வல்லுநர் ஆய்வதற்கு இசைய வேண்டும் என நீதிமன்றம் கூறியது. நிதி நிறுவனம் அதற்கு இசையவில்லை. 1996இல் அவர் விடுவிக்கப்பட்டார். களவை முறையிட்டவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்ததற்கு, இயந்திரம் பிழை செய்யாது என்னும் முன்முடிவே காரணமாயிற்று.

இம்முன்முடிவு அத்துடன் ஒழியவில்லை. கணினி சரிவர இயங்கியது எனக் காட்டினாலன்றி அதன் பதிவு சான்றாகாது என்றிருந்த பிரிட்டன் சட்டப் பிரிவு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்னும் ஊகம் நிலைபெற்றது. அதே 1999இல் பிரிட்டன் அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கியல் முறைமை நிறுவப்படலாயிற்று. அது காட்டிய பற்றாக்குறைகளைத் துணை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் தம் கைப்பணத்தால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். மென்பொருளின் பிழைகள் அத்தகைய பற்றாக்குறைகளைத் தோற்றுவித்திருக்கக் கூடும் என 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் நீக்கியது. எஞ்சியோருள் பெரும்பாலோரின் தண்டனைகளை நீக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் வேறு வழியில் சென்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 65ஆ பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்றது. கணினி சரிவர இயங்கியதும் அதன் நிபந்தனைகளுள் ஒன்று. 2014ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் வழங்கிய தீர்ப்புகளில் உச்சநீதிமன்றம் இத்தேவையை வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு வல்லுநரின் சான்றிதழையும் வேண்டுகிறது. பிரிட்டன் கைவிட்ட காப்பை இந்தியா தக்கவைத்துக்கொண்டது எனலாம். ஆயினும், வங்கியுடனான தகராறில் பதிவேடு வங்கியிடமே உள்ளது. அதைத் தெரிந்தெடுத்து முன்வைப்பதும் அதற்குச் சான்றளிப்பதும் பெரும்பாலும் வங்கித் தரப்பே. காவலர் வழக்கில் எழுந்த ‘எதிர்த்தரப்பு ஆய்ந்து பார்க்கும் உரிமை’ என்னும் கேள்வி சான்றிதழால் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

4. பயனாளரும் பொருளியலும்

ஆன் ஆடம்ஸ், ஏஞ்சலா சாஸ் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ‘பயனாளர் பகைவர் அல்லர்’ என்னும் கட்டுரை, நிறுவன ஊழியர்கள் கடவுச்சொற்களைக் கையாளும் விதத்தை நேரில் கேட்டறிந்து எழுதப்பட்டது. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுமாறு வற்புறுத்தப்பட்ட ஊழியர்கள் அவற்றை எழுதிவைத்தனர். எளிய சொற்களைத் தெரிவுசெய்தனர். மனித நினைவாற்றலுக்கும் பணிச்சூழலுக்கும் பொருந்தாத விதியே மீறலைத் தோற்றுவித்தது என்பது அவ்வாய்வின் முடிபு. கார்மாக் ஹெர்லி 2009இல் இதனை மேலும் விரித்து, பாதுகாப்பு அறிவுரைகள் பயனாளரின் நேரத்தை விலையற்றதாகக் கருதுகின்றன என்றும், பலர் அவற்றைப் புறக்கணிப்பது பொருளியல் நோக்கில் பகுத்தறிவுக்கு உட்பட்டதே என்றும் வாதிட்டார்.

2001இல் ஆண்டர்சன் எழுதிய மற்றொரு கட்டுரை தகவல் பாதுகாப்பைப் பொருளியல் கருத்தாக்கங்களால் விளக்கியது. பொறுப்பு வங்கியின் மேல் இருந்த அமெரிக்காவைவிட, பொறுப்பு வாடிக்கையாளர்மேல் சுமத்தப்பட்ட பிரிட்டனில் வங்கிகள் பாதுகாப்புக்குக் கூடுதலாகச் செலவிட்டன. எனினும் மோசடியும் அங்கே மிகுந்திருந்தது. முறையீடுகளைப் பொய்யென ஒதுக்க முடிந்ததால், வங்கி ஊழியரிடையே மெத்தனம் வளர்ந்தது. இழப்பைத் தடுக்கக்கூடியவர் ஒருவர், சுமப்பவர் மற்றொருவர் என்று அமையும்போது தடுப்பதற்கான ஊக்கம் தேய்கிறது. 2002இல் பெர்க்லியில் தொடங்கிய தகவல் பாதுகாப்புப் பொருளியல் பயிலரங்கு இச்சிந்தனையைத் தனி ஆய்வுத்துறையாக வளர்த்தது.

தொழில்நுட்பம் மேம்பட்டபோதும் இச்சிக்கல் வடிவம் மாறித் தொடர்ந்தது. பிரிட்டனில் சில்லு பொருத்திய அட்டைகள் பரவியபின், களவாடிய அட்டையைச் சரியான எண் தெரியாமலே பயன்படுத்த இயலும் என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2010இல் செய்துகாட்டினர். அட்டைக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஒரு கருவியைப் பொருத்தினால், எண் சரிபார்க்கப்பட்டதாகவே கடையின் இயந்திரம் நம்பியது. ‘எண் சரிபார்க்கப்பட்டது’ என்னும் அப்பதிவையே வாடிக்கையாளருக்கு எதிரான சான்றாக வங்கி காட்டக்கூடும் என்பதில் இக்கண்டுபிடிப்பின் சமூக முக்கியத்துவம் அடங்கியுள்ளது.

5. குற்றத்தை அளத்தல்

இரண்டாயிரத்திற்குப் பின் குற்றவாளிகளின் பொருளாதாரமும் நேரடி ஆய்வுக்கு உள்ளாகியது. 2008இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் ‘ஸ்டார்ம்’ என்னும் கணினி வலைப்பின்னலுள் ஊடுருவி, வேண்டா மின்னஞ்சலின் விளைவை அளந்தனர். 26 நாள்களில் ஏறத்தாழ 35 கோடி மின்னஞ்சல்கள் 28 விற்பனைகளையே ஈட்டின. இக்குழுவினரும் பிறரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய மின்னஞ்சல்வழி விளம்பரப்படுத்தப்பட்ட மருந்து, போலிப்பொருள், மென்பொருள் விற்பனையின் 95 விழுக்காட்டுப் பணம் விரல்விட்டு எண்ணத்தக்க சில வங்கிகளின் வழியாகவே சென்றது எனக் காட்டியது. மின்னஞ்சலை வடிகட்டுவதைவிடப் பணம் செல்லும் வழியை அடைப்பதே பயன்மிக்கது என்னும் முடிவுக்கு இது இட்டுச்சென்றது.

இணையக் குற்றத்தின் செலவை மதிப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வொன்றும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 2010இல் உலகின் வேண்டா மின்னஞ்சலில் மூன்றில் ஒரு பங்கை அனுப்பிய வலைப்பின்னல் அதன் உரிமையாளருக்கு ஏறத்தாழ 27 இலட்சம் டாலர் ஈட்டித் தந்தது. அத்தகைய மின்னஞ்சலைத் தடுக்க உலகம் செலவிட்டதோ 100 கோடி டாலருக்கும் மேல். தற்காப்புக் கருவிகளுக்குச் செலவிடுவதைக் குறைத்து, குற்றவாளிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதற்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என அவ்வாய்வாளர்கள் பரிந்துரைத்தனர்.

கணினியியல், குற்றவியல், சட்டம் ஆகிய துறைகளை இணைத்து 2015இல் கேம்பிரிட்ஜ் இணையக் குற்ற மையம் உருவானது. தான் திரட்டிய தரவுகளைச் சட்ட ஒப்பந்தத்தின்கீழ்ப் பிற ஆய்வாளர்களுக்கும் வழங்குவது அதன் சிறப்பு. 1993இல் ஆண்டர்சன் சுட்டிய மறைப்புப் பண்பாட்டிற்கு ஒரு மாற்றாக இவ்வேற்பாட்டைக் கருதலாம்.

6. இந்தியச் சூழலில் ஓடிபியும் கவனக்குறைவும்

இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. ஓடிபி என்னும் ஒருமுறைக் கடவுச்சொல் இதன்வழி வீடுதோறும் அறிமுகமானது. 2016இல் யுபிஐ வந்தபின், வங்கிக் கிளைக்கு அரிதாகவே சென்றவர்களும் கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றத்திற்குள் வந்தனர். அட்டை எண் மட்டும் களவாடியவருக்கு ஓடிபி தடையாயிற்று. ஆகவே குற்றவாளியின் இலக்கு இயந்திரத்திலிருந்து மனிதருக்கு இடம்பெயர்ந்தது. அதிகாரி போலப் பேசி அச்சுறுத்தியோ நம்பவைத்தோ எண்ணைப் பெறுவது முதன்மை உத்தியாயிற்று.

2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்தது. தவறு வங்கியிடமும் இன்றி வாடிக்கையாளரிடமும் இன்றி வேறிடத்தில் இருந்து, மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் கடமை வங்கியைச் சார்ந்தது. அமெரிக்கா 1978இல் எடுத்த நிலைப்பாட்டுக்கு இது நெருக்கமானது. அதே சுற்றறிக்கை, பணம் செலுத்தும் இரகசிய விவரங்களைப் பிறருக்குத் தெரிவிப்பது போன்ற கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான முழு இழப்பையும் வாடிக்கையாளரே ஏற்கவேண்டும் என்றும் கூறுகிறது. ஓடிபியைச் சொல்லிவிட்ட ஒருவர், அச்சுறுத்தப்பட்டுச் சொன்னாரா என்பது ஆராயப்படாமலே, இவ்விரண்டாம் வகைக்குள் தள்ளப்படும் இடர் இங்கே எழுகிறது. ஓய்வூதியத்தை இழந்த முதியவருக்கும், பூட்டைத் திறந்துபோட்டுச் சென்றவருக்கும் இவ்வகைப்பாட்டில் வேறுபாடு இல்லை.

பிரிட்டன் இக்கட்டத்தில் முன்னைய நிலைப்பாட்டிலிருந்து விலகியுள்ளது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு வழங்க வேண்டும் என்னும் விதி 2024 அக்டோபர் 7 முதல் அங்கு நடைமுறையில் உள்ளது. அவ்வீட்டுத்தொகையை அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் சரிபாதியாகப் பகிர்கின்றன. பெருங்கவனக்குறைவு விலக்காக இருந்தாலும், எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் நிலையில் இருப்போருக்கு அவ்விலக்கு பொருந்துவதில்லை. களவுப்பணம் வந்துசேரும் கணக்கைத் திறந்துகொடுத்த நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது, பணம் செல்லும் வழியை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வின் முடிவோடு ஒத்துப்போகிறது.

எதிர்முனையில் பேசுபவரைப் பற்றியும் சமூக அறிவியல் கேட்க வேண்டியுள்ளது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடிப் பணியில் கட்டாயப்படுத்தி ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. வேலை வாய்ப்பு எனக் கூறி அழைத்துச்செல்லப்பட்டு மியான்மரின் மியவாடிப் பகுதியில் சிக்கி, 2022இல் மீட்கப்பட்டவர்களுள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். குற்றவாளி, பாதிக்கப்பட்டவர் என்னும் இருமை இங்கே குலைகிறது. கடவுச்சொல்லின் நீளத்தைப் பற்றிய ஆய்வு மட்டும் இந்நிலையை விளக்க இயலாது. புலம்பெயர் தொழில், வேலையின்மை, எல்லைப்பகுதி ஆட்சி ஆகியவற்றைப் பற்றிய ஆய்வும் உடன்தேவை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறமுடிகிறது. முதலாவதாக, பாதுகாப்பு முறைமைகளின் தோல்விகளைப் புரிந்துகொள்ளத் தொழில்நுட்ப ஆய்வு இன்றியமையாதது. 2010ஆம் ஆண்டுச் செய்முறைச் சான்றின்றி வங்கிப் பதிவின் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்க முடியாது. இரண்டாவதாக, அத்தோல்விகளின் விலையை யார் தருகிறார் என்பது சட்டமும் நிறுவனமும் தீர்மானிப்பதாகும். அத்தீர்மானம் பாதுகாப்பின் தரத்தையே மாற்றுகிறது. மூன்றாவதாக, ‘கவனக்குறைவு’ என்னும் சொல், விசாரணையின் முடிவில் எட்டப்படவேண்டிய கருத்தாக இருக்க, விசாரணையைத் தவிர்க்கும் கருவியாகப் பலமுறை பயன்பட்டுள்ளது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை மெய்ப்பிக்கும் பொறுப்பை வங்கியிடம் வைத்துள்ளது. ஆயின் ஓடிபி தெரிவித்த முறையீடுகளில் அப்பொறுப்பு நடைமுறையில் எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பது தனியே ஆராயப்பட வேண்டும். வங்கிக் குறைதீர்ப்பாளரின் முடிவுகளும் நுகர்வோர் ஆணையத் தீர்ப்புகளும் அதற்குரிய மூலங்களாகும். கணினியியலாரும் சட்டவியலாரும் சமூகவியலாரும் இணைந்து அவற்றை வாசிப்பதுடன், தமிழ் நாளிதழ்ச் செய்திகளின் மொழியையும் அவ்வாய்வில் சேர்த்துக்கொள்வது பயன்தரும். முறையீடு அளிக்க வருபவர் தம்மைக் குற்றவாளியாகக் கருதிக்கொண்டு தயங்கினால், பணத்தை மீட்பதற்குரிய முதல் சில மணிநேரம் வீணாகிறது. ‘ஏமாந்தார்’ என்பதற்கும் ‘ஏமாற்றப்பட்டார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்விடத்தில் இலக்கணத்தைக் கடந்து, இழந்த பணம் திரும்பக் கிடைப்பதோடு தொடர்புடையதாகிறது.